வெள்ளிக்கிழமைகளில் மூடிய குமிழ்கள்

நவம்பர் கடைசித் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் புஸ்பவதி கிண்டர்கார்டனின் பின்கதவைத் திறந்து உள்ளே வந்தாள். வந்த பிறகும் கையுறையைக் கழற்ற மனம் வரவில்லை. நடைபாதைச் சுவரிலிருந்த வெப்பமானி பதினான்கு பாகை காட்டியது. இன்னும் அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

ஜேர்மனியின் பீலெஃபெல்டிலிருந்து இருபது நிமிட ரயில் தூரத்திலுள்ள சிறு நகரம் அது. கிண்டர்கார்டன் நகரசபைக்குச் சொந்தமானது. ஐந்து அறைகள், அறுபத்தெட்டுப் பிள்ளைகள். புஸ்பவதிக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்பு ஒரு துப்புரவு நிறுவனத்தின் ஆளாக இங்கே தரை துடைக்க வந்துகொண்டிருந்தவளை, இரண்டு வருடங்களுக்கு முன் நகரசபை நேரடியாக எடுத்துச் சமையலறையில் போட்டது. ஒப்பந்தம் மார்ச் முடிவு வரைதான். அதன் பிறகு நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதைப் பெப்ரவரியில் சொல்வார்கள்.

அவள் அவசர அவசரமாக அறை அறையாகப் போய், ஒவ்வொரு ஹீற்றரின் குமிழையும் ஐந்தாம் இலக்கம் வரை திருகித் திறந்தாள். எல்லாமாக இருபத்திமூன்று. காஸ் கொதிகலன் இருந்த காலத்தில் இப்படித் திறந்தால் ஒரு மணித்தியாலத்தில் கையை வைக்க முடியாதபடி ஹீற்றர் சுடும். இப்போது அவள் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். இளஞ்சூடுகூட இல்லை.

ஒக்டோபர் விடுமுறையில்தான் பழைய கொதிகலனைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கொல்லைப்புறத்தில், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், அலுமாரி அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதுதான் வெப்பப் பம்பி. வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே அனுப்புமாம். குளிர்காற்றில் ஏது சூடு என்று புஸ்பவதிக்கு அன்றே சந்தேகம். ஆனால் அதை யாரிடமும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பிள்ளைகள் ஜாக்கெட்டுடன் இருந்து காலை உணவு சாப்பிட்டார்கள். செவ்வாய் மதியம் வரை அறைகள் சூடாகவில்லை. புதனன்று எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த திங்கள் மறுபடி பதினான்கு. அதற்கடுத்த திங்கள் பதின்மூன்று. பொறுப்பாளர் லம்மர்ஸ் அம்மா நகரசபைக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தாள். திருத்துனர் ஒருவர் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புஸ்பவதி அந்த இயந்திரத்துக்காக இரங்கவே தொடங்கிவிட்டாள். சிறிய பெட்டி, பெரிய கட்டடம். பாவம், களைத்துப்போகிறது என்று நினைத்தாள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் முன்னைவிடக் கவனமாக இருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு, சமையலறையைத் துடைத்துவிட்டு, இருபத்திமூன்று குமிழ்களையும் கடைசிப் புள்ளி வரை மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். சனி, ஞாயிறாவது அது ஆறட்டும்.

மூடும் பழக்கம் இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் வந்தது. அப்போது நாடு முழுக்கக் காஸ் தட்டுப்பாடு என்று பயம். பொதுக் கட்டடங்களில் கைகழுவும் குழாய்களில் சுடுநீரை நிறுத்தினார்கள். எவ்வளவு மிச்சம்பிடிக்கலாமோ அவ்வளவும் பிடியுங்கள் என்று கடிதம் வந்தது. அப்போதைய பொறுப்பாளர் புஸ்பவதியைக் கூப்பிட்டு, வார இறுதியில் ஹீற்றர்களை மூடிவிட முடியுமா என்று கேட்டாள். மூன்று மாதம் கழித்து ஊழியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளுடைய பெயரைச் சொல்லி நன்றி கூறினாள். அந்தப் பொறுப்பாளர் ஓய்வுபெற்றுப் போய்விட்டாள். பழக்கம் மட்டும் நின்றது. வெள்ளி கடைசியாகப் போவதும் திங்கள் முதலாவதாக வருவதும் புஸ்பவதி என்பதால், மூடியதையோ திறந்ததையோ ஒருவரும் கண்டதில்லை.

டிசம்பர் கடைசியில் நத்தார் விடுமுறைக்குக் கிண்டர்கார்டன் இரண்டு வாரம் பூட்டியிருந்தது. ஜனவரியில் திறந்தபோது உள்ளே ஒன்பது பாகை. மூன்று நாட்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று லம்மர்ஸ் அம்மா பெற்றோருக்கு எழுத வேண்டியதாயிற்று. ஒரு தாய் வாசலிலேயே நின்று, தனக்கு வைத்தியசாலையில் வேலை, இந்தப் பிள்ளையை எங்கே விடுவது என்று அழுதாள். புஸ்பவதி சமையலறை யன்னலுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமை, இயந்திரத்தைக் கணக்கிட்டுத் திட்டம் போட்ட நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் மடிக்கணினியுடன் வந்தாள். சமையலறையில் புஸ்பவதி மகளோடு தொலைபேசியில் பேசியது காதில் விழ, கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா? நான் ஹரிப்ரியா. திருச்சி பக்கம்."

"ஓம் பிள்ளை, நாங்கள் யாழ்ப்பாணம். வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

ஹரிப்ரியாவுக்கு இருபத்தொன்பது வயதிருக்கும். கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊரில் தெரிந்தவரிடம் பேசுவதுபோல் பேசத் தொடங்கிவிட்டாள்.

"இந்த கால்குலேஷன் முழுக்க நான் போட்டது ஆன்ட்டி. நாலு தடவ செக் பண்ணிட்டேன். சைஸ் கரெக்ட்டாதான் இருக்கு. ஆனா பில்டிங் ஏன் திங்கக்கிழமை ஐஸ் மாதிரி இருக்குன்னு கேட்டா பதில் இல்ல. நான் இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கேன். வேலை போச்சுன்னா விசாவும் சிக்கல்."

"அப்பிடி எல்லாம் நடக்காது பிள்ளை."

"ஒண்ணு மட்டும் விசித்திரமா இருக்கு." ஹரிப்ரியா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு நீலக் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்து, ஓரிடத்தில் சடாரென்று கீழே விழுந்தது. "இது பைப்ல ஓடுற தண்ணி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூணு மணிக்கு மேல அப்படியே நின்னு போகுது. எல்லா வால்வையும் யாரோ மூடின மாதிரி. நீங்க வெள்ளிக்கிழமை இருப்பீங்கல்ல, யாராவது மூடறதப் பாத்தீங்களா?"

புஸ்பவதி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். அந்தக் கோடு விழுந்த இடத்தையே பார்த்தாள்.

"நான் ஒருத்தரையும் காணேல்லை," என்றாள்.

சொன்னது பொய்யில்லை என்று பஸ்ஸில் போகும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் ஏற்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் வேலைக் கடிதங்கள் வைத்திருந்த கோப்பைத் தேடி எடுத்தாள். ஒக்டோபரில் இயந்திரத்தைப் பற்றி விளக்கம் சொல்ல நிறுவனத்துக்காரன் வந்தபோது லம்மர்ஸ் அம்மா சுகவீன விடுப்பில் இருந்தாள். அவளுக்குப் பதிலாக இருந்த ஆசிரியை காய்ச்சல்காரப் பிள்ளையுடன். சாவி வைத்திருப்பவர் யார் என்று கேட்டான். புஸ்பவதி கையை உயர்த்தினாள். நாற்பது நிமிடம் அவன் மூச்சுவிடாமல் ஜேர்மன் பேசினான். அவள் தலையாட்டினாள். முடிவில் ஒரு தாளை நீட்டினான், கையெழுத்துப் போட்டாள். அதன் பிரதிதான் கோப்பில் கிடந்தது.

காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்யும் மகள் சிவப்பிரியா அடுத்த நாள் மாலை வேலையால் வந்ததும் அதை வாங்கி வாசித்தாள்.

"அம்மா, ஏழாவது வரி. ஹீற்றர் குமிழ்களை எப்போதும் திறந்தே வைக்கவும், வார இறுதியிலும் மூடக் கூடாது எண்டு கிடக்கு. இந்த மெஷின் காஸ் மாதிரிக் கெதியிலை சூடாக்காதாம். கட்டடம் ஒருக்கா ஆறினால் திரும்பச் சூடாக்க இரண்டு நாள் எடுக்குமாம். ஏன் கேக்கிறீங்கள்?"

புஸ்பவதி சொன்னாள். சிவப்பிரியா தாளை மேசையில் வைத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. விளங்குதோ? கையெழுத்துப் போட்டிருக்கிறீங்கள். பெப்ரவரியிலை உங்கடை ஒப்பந்தம் பாக்கப் போகினம். நாளையிலை இருந்து மூடாமல் விடுங்கோ, பிரச்சினை தானாப் போயிடும்."

"அந்தப் பிள்ளை?"

"அவ எஞ்சினியர். அவ சமாளிப்பா."

வெள்ளிக்கிழமை புஸ்பவதி குமிழ்களைத் தொடவில்லை. சாவியைத் திருப்பிக் கதவைப் பூட்டினாள். எதையோ செய்யாமல் விட்டுவிட்டு ஓடுவதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை உள்ளே இருபத்தொரு பாகை. பிள்ளைகள் காலுறையோடு ஓடித் திரிந்தார்கள். அன்று பத்து மணிக்குக் கூட்டம். நகரசபையின் கட்டடப் பிரிவிலிருந்து குறூஸ என்பவர் வந்திருந்தார். ஹரிப்ரியா தனியாக வந்திருந்தாள். லம்மர்ஸ் அம்மா கேட்டதற்காகப் புஸ்பவதி கோப்பி கொண்டுபோனாள்.

"வெளியே எட்டுப் பாகை. வசந்தகாலம் மாதிரி இருக்கிறது," என்று குறூஸ சொல்லிக்கொண்டிருந்தார். "இன்றைக்குச் சூடாக இருப்பதை வைத்து என்ன செய்வது? அடுத்த வாரம் உறைபனி வருகிறது. நான் எண்ணெயில் ஓடும் நடமாடும் கொதிகலனுக்குச் சொல்லிவிட்டேன். வியாழன் வந்துவிடும். தீயணைப்பு நிலையத்திலும் ஆரம்பப் பள்ளியிலும் வெப்பப் பம்பி வைக்கும் வேலையை நிறுத்திவைக்கிறோம். உங்கள் நிறுவனத்திடம் வேறு பொறியியலாளரைத் தரச் சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவும்."

ஹரிப்ரியா திரையைக் காட்டினாள். அவளுடைய ஜேர்மன் திருத்தமாக, மெதுவாக வந்தது. "இந்த வெள்ளிக்கிழமை நீரோட்டம் நிற்கவில்லை. நான் எதையும் மாற்றவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை."

"தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை," என்றார் குறூஸ.

புஸ்பவதி கோப்பிக் குடுவையை மேசையில் வைத்தாள். வெளியே போவதற்குத் திரும்பினாள். கதவுவரை போய்விட்டு நின்றாள்.

"நான் மூடினேன்," என்றாள் ஜேர்மனில்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். எல்லாக் குமிழும். திங்கள் காலை திறந்தேன். காஸ் மிச்சம்பிடிக்கச் சொன்ன காலத்திலிருந்து செய்கிறேன். போன வெள்ளி மட்டும் மூடவில்லை." திரும்பி மேசையருகே வந்தாள். "விளக்கத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்த மனிதர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

குறூஸ பேனாவைக் கீழே வைத்தார். "இரண்டு மாதமாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்," என்றார். குரல் உயரவில்லை; அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. "இதை எழுத்தில் தர வேண்டும்."

"தருகிறேன்."

ஹரிப்ரியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

இது உண்மையான காரணமா என்று பார்க்க உறைபனி வார இறுதி வரை பொறுப்பதென்று முடிவாயிற்று. நடமாடும் கொதிகலனும் வந்து, இழுவை வண்டியோடு முற்றத்தில் நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் புஸ்பவதிக்கு அதே யோசனைதான். ஒருவேளை தான் மூடியது காரணமில்லையென்றால்? வாயைக் கொடுத்து வேலையையும் கெடுத்து, அந்தப் பிள்ளைக்கும் உதவாமல் போனால்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியே மைனஸ் ஒன்பது. கணவர் யோகலிங்கம் தடுத்தும் கேளாமல் பஸ் ஏறிக் கிண்டர்கார்டன் வேலியருகே போய் நின்றாள். சாம்பல் பெட்டியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென அது நின்றது. பெட்டியின் பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி வேலி உயரத்துக்கு எழுந்தது. விறைத்த விரலால், தேத்தண்ணி குடித்த அன்று ஹரிப்ரியா தந்திருந்த இலக்கத்தை அழுத்தினாள்.

"பிள்ளை, பெட்டி எரியுது! புகையா வருது!"

"எரியல ஆன்ட்டி. அது ஆவி. மேல படிஞ்ச பனிய அதுவே உருக்குது, அஞ்சு நிமிஷத்துல மறுபடி ஓடும்." சற்றுப் பொறுத்து, "நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள். குரலில் முன்பிருந்த நெருக்கம் இல்லை.

விசிறி மறுபடி சுற்றும் வரை புஸ்பவதி நின்றாள். பிறகும் பத்து நிமிடம் நின்றாள்.

திங்கள் காலை குறூஸ அவளுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள். இருபது பாகை. அவர் தன்னுடைய வெப்பமானியாலும் ஐந்து அறைகளிலும் அளந்து பார்த்தார். "சரி," என்றார். நடமாடும் கொதிகலனை அன்று மத்தியானமே இழுத்துக்கொண்டு போனார்கள்.

பெப்ரவரிக் கடைசியில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீடிப்பு, நிரந்தரம் இல்லை. இதற்கும் ஹீற்றருக்கும் சம்பந்தமில்லை, இந்த வருடம் எல்லோருக்கும் இப்படித்தான் என்றாள் லம்மர்ஸ் அம்மா. நம்புவதா வேண்டாமா என்று புஸ்பவதிக்குத் தெரியவில்லை. சிவப்பிரியா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் எல்லாக் குமிழ்களையும் கழற்றிவிட்டு, கையால் திருக முடியாத, சாவி போட்டால் மட்டும் அசைகிற மூடிகளைப் பொருத்தினார்கள். அதை மேற்பார்வை பார்க்க ஹரிப்ரியாதான் வந்தாள். வேலை போகவில்லை, ப்ரொபேஷனும் முடிந்திருந்தது. புஸ்பவதி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு புதன்கிழமை உங்ககிட்ட கேட்டேன்ல ஆன்ட்டி. அதுக்கப்புறம் அஞ்சு நாள் நான் தூங்கவே இல்ல. ஊருக்கு ஃபோன் பண்ணி, திரும்பி வந்துருவேன் போலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"ஓம் பிள்ளை. பயந்திட்டன். பிழைதான்."

பரவாயில்லை என்று ஹரிப்ரியா சொல்லவில்லை. "ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கு தெரிஞ்சே இருக்காது," என்றாள். பிறகு, அந்த மனிதர் விளக்கியபோது எந்த இடத்தில் விளங்காமல் போனது என்று கேட்டாள். புஸ்பவதி யோசித்து, முதல் நிமிடத்திலிருந்தே என்றாள். ஹரிப்ரியா சிரித்துவிட்டாள், உடனே குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

தீயணைப்பு நிலையத்தில் வெப்பப் பம்பி கோடையில் பொருத்தப்பட்டது. அங்கே சுவரில் எளிய ஜேர்மனில், படம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருப்பதாக லம்மர்ஸ் அம்மா வந்து சொன்னாள், எட்டே வரிகளாம். புஸ்பவதி அப்போது அறுபத்தெட்டுப் பேருக்கும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நல்லது என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழங்கை எடுத்தாள்.