நல்ல பக்கம் தெருவுக்கு

டேப்பு அக்காவுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டு ஜன்னல்களை அளந்து கர்டன் தைத்து மாட்டுகிறவள். கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப்பு தொங்குவதால் வந்த பெயர் அது. எந்த அறைக்கு எந்தத் துணி எடுக்கிறான் என்று பார்த்தாலே ஆளின் லட்சணம் தெரிந்துவிடும் என்பாள். அந்த லட்சணமும் பெரும்பாலும் வெளியில் சொல்லும்படி இருப்பதில்லை.

மூலை வீட்டில் இருந்தவர் ரிட்டயரான சூப்பிரண்டு. ஹாலுக்கு மினுமினுக்கும் துணியில் இரண்டு அடுக்கு, ஓரமெல்லாம் குஞ்சம் வேண்டும் என்றார்.

"பூப்போட்ட நல்ல பக்கம் தெருவைப் பாக்கணும்."

"அப்ப உள்ள உக்காந்திருக்கிறவங்க தையலத்தான் பாக்கணும் சார்."

"உள்ள நாங்கதானே இருக்கோம்."

இப்படி ஒரு ஜென்மமா என்று நினைத்தபடி அக்கா அளவைக் குறித்துக்கொண்டாள். அடுப்புக்கு மேலிருந்த ஜன்னலுக்கும் அதே குஞ்சத்தைக் கேட்டார். தீப்பிடித்தால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும், பரவாயில்லையா என்று கேட்ட பிறகுதான் அரை ஜன்னலுக்குப் பருத்தித் துணி போதும் என்று இறங்கி வந்தார்.

பின்னறை மருமகளுடையது. புருஷன் வெளியூரில், அவள் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி நர்ஸ். காலையில் வந்து படுத்தால் கிழக்கு ஜன்னல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணெல்லாம் சிவந்து வாசற்படியில் நின்றாள்.

"மாமா, இந்த ரூமுக்கு மட்டும் வெளிச்சம் வராத துணியா..."

"இந்த ரூமை யாரும்மா பாக்கப் போறா? மிச்சம் விழுற துணியில ஏதாச்சும் தச்சுக்கலாம்."

அவர் அந்தப் பக்கம் போனதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "நேத்து ஒரு பேஷண்டுக்கு மருந்த மாத்திப் போடப் பாத்தேங்க்கா. தூக்கமே இல்ல. இன்னொரு தடவ கை தப்பினா ஒரு உசுரு போயிடும்."

அக்கா நேரே சூப்பிரண்டிடம் போனாள்.

"சார், பின்வீட்டு மாடியில இருந்து பாத்தா பின்னறை அப்படியே தெரியுது. பெயின்ட் உரிஞ்ச அலமாரி, கிழிஞ்ச மெத்தை, எல்லாம்."

"அப்படியா? இருக்கிறதிலேயே கனமான துணியா போடுங்க."

போட்டாள். கறுப்பு லைனிங் வைத்து, சுவரோடு ஒட்டினாற்போல், ஊசி முனை வெளிச்சம்கூட நுழையாதபடி. பத்து நாள் கழித்து, ஹாலில் ஒரு கொக்கி கழன்றுவிட்டது என்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். நர்ஸ் ஹால் சோபாவில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பின்னறையில் சூப்பிரண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, பின்னறைக் கர்டனைக் கம்பியோடு கழற்றினாள். மனிதர் வெயிலில் முழித்தார்.

"என்ன, துணியில ஏதாச்சும் கோளாறா?"

"துணியில ஒண்ணும் இல்ல."

"ரூம் நல்லா இருட்டா இருந்துச்சு, அதான் கொஞ்ச நேரம்..."

"நாலு எழுத்துப் படிச்ச ஆளு, பொண்ணு தூக்கத்தத் திருடித் தூங்குறீங்க. எந்திரிங்க."

தலையணையைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியேறும் வரை ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. பிறகு கர்டனை மறுபடி மாட்டிவிட்டு, சோபாவில் கிடந்தவளைத் தட்டி எழுப்பி உள்ளே அனுப்பினாள்.

"தாழ்ப்பாள் போட்டுக்கம்மா. இந்த மனுஷனுக்கு வெக்கம் கிடையாது, மறுபடி வருவாரு."