எலுமிச்சம்பழத்தில் நின்ற எஞ்சின்

எனக்கு வயது அறுபத்தொன்று. பெற்று வளர்த்த பிள்ளைகள் ஏழு. ஆறு பேரைக் கட்டிக்கொடுத்தாயிற்று. என்னைக் கேட்டால் எட்டாவதாக இன்னொரு பிள்ளையும் வீட்டில் இருக்கிறது என்பேன் — என் வீட்டுக்காரர்.

வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல என் பேத்தி லெச்சுமிதான் எழுதுகிறாள். எனக்கு எழுத்துக்கூட்டி பஸ் போர்டு வாசிக்க வரும். பேனை பிடித்தால் கை கூசும். ஆனால் வாய் கூசாது!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்குட்டி சரோஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். இதற்கு முன்னாலும் ஒரு இடத்தார் வந்துபோனார்கள். அவர்கள் பெண்ணைப் பார்த்தது கொஞ்ச நேரம். எஞ்சினைப் பார்த்தது மிச்ச நேரம். போனவர்கள் போனவர்கள்தான்... பதிலே இல்லை.

எந்த எஞ்சின் என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஓய்ந்த மனுஷர் சும்மா இருக்கலாம் அல்லவா? றொசல்ல ஸ்டேஷனில் கோச்சி நிற்கிற நேரமாகப் பார்த்துப் போவார். சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு எஞ்சினை அளந்து வருவார். எஞ்சின்காரர் ஒருவர் மண்வெட்டியோடு விரட்டியும் இருக்கிறார். அந்தக் கயிற்றை வைத்து, அசலில் ஒரு அடி என்றால் இதில் அரை அங்குலம் என்று கணக்குப் பண்ணி, கரிக்கோச்சி எஞ்சினைச் சின்னதாகச் செய்வார். விளையாட்டுச் சாமான் இல்லை. தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் ஆவி பிடித்து ஓடும். மூன்று செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார். நான்காவதன் பொய்லர், என் தாய்வீட்டுப் பித்தளைச் செம்பு. அது தனிக் கதை, அதை இன்னொரு நாள் அழுகிறேன்.

லயத்து வீட்டில் முன் அறையிலிருந்து அடுப்படி வாசல்வரை தண்டவாளம் வேறு. தேயிலைப் பெட்டித் தகரத்தில் போட்டது. விருந்தாளி வந்தால் தாண்டித்தான் உட்கார வேண்டும்.

அன்று காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"இங்க பாருங்க. இன்னக்கி எஞ்சின் பேச்ச எடுத்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னுக்குத் தாம்பூலம் மாத்தியாகணும்."

"நான் எங்க எடுக்கப்போறேன்? அவங்களாக் கேட்டா?"

"யாரு கேப்பா?"

"கேட்டா...?"

புது எஞ்சின்மேல் ஒரு கம்பளியைப் போட்டு மூடினேன். அது இன்னும் ஒரு தடவைகூட ஓடாதது. கன்னுக்குட்டி படுத்திருப்பதுபோல இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாய், தகப்பன், மாப்பிள்ளை. பையன் ஹட்டனில் சைக்கிள் கடையில் வேலை. தலையை நிமிர்த்தாத பிள்ளை. சரோஜா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், கும்பிட்டாள், அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள். தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பாதி உயிர் வந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் தேத்தண்ணியை வாயில் வைத்தவர் நிறுத்தினார்.

"அது என்னங்க, கம்பளிக்குள்ள புகைக்குழா?"

அவர் நானுஓயாவில் கோச்சி எஞ்சினுக்குக் கரி போட்டவராம்! இதைத் தரகர் எங்களிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் எஞ்சினைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டில் வைத்திருப்பேனே!

அவ்வளவுதான். கம்பளி போன இடம் தெரியவில்லை. இரண்டு பேரும் சலவை வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள்.

"புகைக்குழா ஒரு நூலு உசரமுங்க."

"அளந்து செஞ்சதுங்க."

"நீங்க கயித்துல அளந்தீங்க. நான் அதுக்குப் பக்கத்துல வெந்தவன்!"

டைம்பீஸ் டிக் டிக் என்கிறது. தாம்பூலத் தட்டு சரோஜா கையில். நான் இருமினேன். சம்பந்தியம்மா இருமினார்கள். மாப்பிள்ளைகூட ஒருதரம் இருமினார். யாருக்குக் கேட்கிறது?

கடைசியில் விளக்கைக் கொளுத்தி ஆவி ஏற்றியாயிற்று. சரி, ஓட விட்டுவிட்டு எழுந்து வருவார்கள் என்று பார்த்தால், தகப்பனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொத ஓட்டமுங்களே! பழம் வைக்காம எப்புடி?"

புது லொறி, புது பஸ் எதுவானாலும் சில்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தானே எடுப்போம்? என் வீட்டுக்காரருக்கும் அது நியாயமாகவே பட்டது. சூடம் காட்டினார். தண்டவாளத்தில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நல்ல மஞ்சள் பழமாக வைத்தார். ஆவியைத் திறந்தார்.

புஸ்ஸென்று சத்தம். சில்லு சுற்றுகிறது, சுற்றுகிறது... எஞ்சின் நகரவில்லை. சில்லு உயரத்துக்கு முக்கால்வாசி இருக்கிறது பழம்! ஏறுமா?

வீட்டுக்காரர் பழத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க! சூடம் காட்டி வச்ச பழத்த எடுக்கலாமா?"

"எடுக்காம எப்புடிங்க ஓடும்?"

"அதான் ஓடலியே." தகப்பனார் எழுந்து வேட்டியைத் தட்டினார். முகம் மாறிப்போயிருந்தது. "பழம் நசுங்கல. வண்டி பொறப்படல. நல்ல காரியம் பேச வந்த எடத்துல சகுனம் சரியில்லீங்க. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

இன்னொரு நாள்! பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும், அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை என்று. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனுஷர் எஞ்சினைப் பார்க்கவில்லை, சரோஜாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அடிக்கவும் தோன்றியது.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து ஒரு குரல்.

"எஞ்சின மட்டும் சின்னதாச் செஞ்சீங்களே அப்பா... பழத்த யாரு முழுசா வைக்கச் சொன்னது?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறக்கலாமா? நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். கூடவே க்ளுக்கென்று ஒரு சிரிப்பு. யார் என்று பார்த்தால் மாப்பிள்ளை! தலை நிமிர்ந்திருக்கிறது, கண் அடுப்படிப் பக்கம் இருக்கிறது.

எனக்கு அது போதாதா? பின்பக்கம் ஓடினேன். வேலியோரம் மணத்தக்காளிச் செடி, கறுத்துப் பழுத்து நின்றது. இரண்டு பழம் பறித்துக்கொண்டு வந்தேன்.

"வச்ச பழத்த எடுக்கக்கூடாதும்பாங்க..." என்று தகப்பனார் மறுபடி ஆரம்பித்தார்.

"எடுத்து எறியத்தானுங்க கூடாது. நசுக்கலாமுல்ல?"

எலுமிச்சம்பழம் இரண்டையும் அவர் கண்ணெதிரே வெட்டிப் பிழிந்தேன். சீனி போட்டேன். தண்ணீர் ஊற்றிக் கலக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"கோயில்ல குடுத்தா குடிக்க மாட்டீங்களா? குடிங்க சம்பந்தி."

என்ன செய்வார்? கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். அந்த நேரத்தில் மணத்தக்காளியைத் தண்டவாளத்தில் வைத்தேன். வீட்டுக்காரர் ஆவியைத் திறந்தார். பிளிச்! பிளிச்! இரண்டும் நசுங்கின. எஞ்சின் புறப்பட்டது பாருங்கள்... ஹட்டன் ஏற்றத்தில் போகிற கோச்சி மாதிரி குப்குப்பென்று நேராக அடுப்படிக்கு! என்னை மீறி நானும் கைதட்டிவிட்டேன்.

பிடிக்கத்தான் ஆள் இல்லை. தகப்பன்மார் இரண்டு பேரும் வாயைப் பிளந்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். சரோஜா தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையைக் கையில் சுற்றினாள், குனிந்தாள், ஆவிக் குழாயைத் திருகினாள். எஞ்சின் அவள் காலடியில் நின்றது.

"அடேயப்பா! பொண்ணுக்கு நிறுத்தத் தெரியுதே!" என்றார் தகப்பனார்.

அதுவரை வாயே திறக்காத சம்பந்தியம்மா எழுந்தார்கள்.

"எங்க வூட்டுலயும் ஒருத்தரு பொறப்பட்டா நிக்கிறதில்ல. நிறுத்த ஆளு தேடித்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். தட்ட எடும்மா!"

தாம்பூலம் மாற்றிக் கையை எடுக்கவும் டைம்பீஸில் நாலரை ஆகவும் சரியாக இருந்தது. தை மாதம் கல்யாணம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கியது. ஆண்பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் அரை அங்குலத்துக்குச் சுருக்கிவிடுவார்கள்... பிடிவாதத்தை மட்டும் அசல் அளவில்தான் வைத்திருப்பார்கள்!

ஏ புள்ள லெச்சுமி, போதும். எழுதுனத ஒருக்கா வாசி, கேப்போம். சம்பந்தி வர்ற எடத்துலயெல்லாம் "அவர்கள்" போட்டியா? போடலயா? அடியே, தை மாசத்துக்கு இன்னும் நாளிருக்கு, அதுக்குள்ள அவரு கோவிச்சுக்கிட்டா... மொதல்ல அதப் போடு!