நாலணா மிச்சம்

என் கணவர் துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஐம்பது வயதில் அவர் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். அதற்காகப் பத்து வருடமாகத் தீபாவளிக்குக்கூட எனக்கு நூல் சேலைதான். அவர் ஒரு சைக்கிள்கூட வாங்கவில்லை.

தபால் ஆபீஸ் வட்டி எனக்குப் போதவில்லை. சிந்தாமணியில் புதிதாகத் திறந்த ஒரு பைனான்ஸ் கம்பெனி இரண்டு மடங்கு தருவதாகக் கேள்விப்பட்டேன். சேமிப்பு முழுவதையும் எடுக்கவைத்து அவரை அனுப்பினேன். பை நிறையப் பணம் இருந்தும் மனிதர் பஸ் ஏறவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாக நடந்தே போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

"நாலணாவுக்குப் பார்த்து ஒரு நாள் வட்டிய விட்டுட்டீங்களே" என்று கத்தினேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காசை நானே அவர் கையில் திணித்தேன். ஒரு மணி நேரத்தில் பணப்பையோடு திரும்பி வந்தார்.

"கம்பெனி பூட்டிக் கிடக்கு. வாசல்ல ஒரே கூட்டம், அழுகை. முதலாளியக் காணோமாம்."

பணம் அன்றே தபால் ஆபீஸுக்குப் போனது. இப்போதெல்லாம் யாராவது கூடுதல் வட்டி என்றால், "நாளைக்கு நடந்து வந்து போடுறோங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அவர் வேலையை விட்டார், நாற்பத்தொன்பது வயதில். அன்று முக்கொம்புக்குப் போனோம். பஸ்ஸில்தான். டிக்கெட்டை அவரே எடுத்தார்.