மாப்பிள்ளையின் மணிக்கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மகன் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு தன் மணிக்கட்டைச் சுற்றி ஒரு காகிதத் துண்டை வைத்து, பேனாவால் கோடு போட்டு, அதை அடிமட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் ஒரு பழைய மணிக்கூடு கண்டிருக்கிறானாம். அவன் பிறக்க முந்திச் செய்தது, சாவி கொடுக்கிற சாதி.

"முப்பத்தாறு மில்லிமீற்றர்தான் எனக்குச் சரி அப்பா. அதுக்கு மேல போனா சுவர் மணிக்கூட்டைக் கையில கட்டின மாதிரி."

"ஆர் சொன்னது?"

"போன்ல போட்டிருக்கு."

மகள் தலையை நீட்டி, "உங்கட கலியாண மணிக்கூடு எத்தனை மில்லிமீற்றர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அதற்கு அளவு எடுத்தவர்கள் மில்லிமீற்றரில் எடுக்கவில்லை. எப்படி எடுத்தார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் இரண்டு பேரும் ரியூசனுக்கு எழும்பிவிட்டார்கள். அதனால் பிள்ளைகளே, மிச்சத்தை எழுதி வைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. கதை அங்கே இங்கே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எங்காவது பெயின்ற் தகரம் திறந்தால் எனக்கு அந்தக் கடைதான் மணக்கும். முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். தங்கமானவர். உலகத்தில் எது நடந்தாலும் அவரிடம் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது பெரும்பாலும் பிழையாக இருக்கும்.

வெள்ளவத்தையில் உங்கள் அம்மாவை எனக்குப் பேசி, சாதகமும் பொருந்தி, நாள் வைக்கிற அளவுக்கு வந்திருந்தது. என் அப்பா பெண் வீட்டு விறாந்தையில் நின்று, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி, "சீதனம் எண்ட பேச்சே இருக்கக் கூடாது. ஒரு குண்டூசி கூட வாங்க மாட்டம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதைச் சொன்ன பெருமையில் ஒரு கிழமை நிமிர்ந்து நடந்தார்.

அந்தப் பேச்சுத்தான் அம்மப்பாவை, அதாவது அம்மாவின் அப்பாவை, மாட்டிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு மணிக்கூடு போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதுவும் பழைய சுவிஸ் மணிக்கூடு. பற்றறி போட்டு ஓடுவதெல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். புறக்கோட்டையில் பழைய மணிக்கூடு விற்கிற ஒரு சிங்கள மனிதரிடம் போயிருக்கிறார். அந்த ஆள், கையைக் காணாமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பழைய மணிக்கூடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாம். வார் பூட்டுகிற காதுகள் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் மணிக்கூடு இரவல் என்று நினைப்பார்களாம்.

மாப்பிள்ளையிடம் அளவு கேட்கலாமா? கேட்டால் அது சீதனப் பேச்சாகிவிடும். சம்பந்தம் முறியும். ஆகவே களவாக எடுக்கத் தீர்மானித்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாள் அம்மாவின் தாய்மாமன் கடைக்கு வந்ததுதான். ஆறடி உயரம், பெயர் குட்டி மாமா.

"தம்பி, அரை இஞ்சி பைப் எல்போ இருக்கோ?"

"ஓம் மாமா, இருக்கு."

"இருக்கட்டும்" என்றவர் என் இடது மணிக்கட்டைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வளைத்துப் பிடித்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அந்த விரல் வளையத்தைக் குலைக்காமல் மெல்லக் கழற்றி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கடையை விட்டு இறங்கிப் போனார். எல்போ வாங்கவில்லை.

அவர் வளையத்தைக் குலைக்காமலே வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கொண்டக்டர் காசு கேட்டபோது வலது பக்கப் பொக்கற்றுக்குள் இடது கையை விட முடியாமல், பக்கத்தில் இருந்த மனுசியை எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மனுசி சத்தம் போட்டதில் விரல் விரிந்துவிட்டது.

அதனால் சில நாளில் திரும்ப வந்தார். இந்த முறை கோயில் நூல் கொண்டுவந்தார். "பிள்ளையாருக்கு வைச்சது தம்பி, கையைத் தாரும்" என்று கட்டினார். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றி முடிக்க முன்னமே, "முடிச்சுச் சரியில்லை" என்று பிளேட்டால் அறுத்து, நூலைக் கடுதாசியில் சுற்றிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மொதல்ல நாடி புடிச்சி பாத்தார். இப்ப நூல் கட்டி அறுத்துக்கிட்டுப் போறார். பொண்ணு வீட்டுல ஒங்களுக்கு ஏதோ சீக்கு ஈக்கு எண்டு நெனச்சிட்டாங்க. கலியாணம் நிக்கப் போகுது."

உங்கள் அம்மாவை நான் ஒரு முறைதான் பார்த்திருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தபோது, எல்லாரும் சாதகம் கதைக்க, அவள் மட்டும் என்னைப் பார்த்து, "சீனி போதுமோ?" என்று கேட்டாள். அது போதுமாக இருந்தது. அவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததால் இன்னும் மெலிந்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "நான் சென்னன் தானே" என்றார்.

முதலாளி சொன்ன சீக்குக் கதையை வீட்டில் சொன்னேன். என் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ர மகனுக்கு வருத்தமோ? காட்டுறன்."

காட்டிய விதம் இது. அடுத்த ஞாயிறு சந்தையில் இருந்ததிலேயே பெரிய பலாப்பழத்தை வாங்கி என் தோளில் ஏற்றினார். வெள்ளவத்தையில் அவர்கள் வீடு மூன்றாம் மாடி. லிப்ற் கிடையாது. ஏறினோம். கதவைத் திறந்ததும் நான் பழத்தை இறக்கப் பார்த்தேன். "இறக்காதை. நில்" என்றார் அப்பா.

அப்படியே நடு ஹோலில் நின்றேன். அப்பா என்னைச் சுட்டிக்காட்டினார். "நாடி பிடிச்சுப் பாத்தனீங்கள் தானே? இப்ப வடிவாப் பாருங்கோ. மூண்டு மாடி! மூச்சு வாங்குதோ?"

மூச்சு வாங்கியது. நான் மூக்கால் மட்டும் வாங்கினேன்.

அம்மப்பா குட்டி மாமாவைப் பார்த்தார். குட்டி மாமா மின்விசிறியைப் பார்த்தார். "அது நாடி இல்லை சம்பந்தி… சும்மா… ஒரு அன்பிலை…" என்று அம்மப்பா இழுத்தார்.

"அன்பிலை நூலைக் கட்டி ஆரும் அறுக்கிறவையோ? இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். வாடா!"

எனக்குக் கால் நகரவில்லை. பாரம் ஒரு காரணம். அப்போதுதான் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்து உங்கள் அம்மா வெளியே வந்து என் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"மணிக்கூட்டுக்கு அளவு எடுத்தவை மாமா. உங்களிட்டைச் சொல்லப் பயம். முதல் அவரை அந்தப் பழத்தை இறக்கச் சொல்லுங்கோ, கழுத்து ஒரு பக்கம் போகுது."

இறக்கினேன். வீடு அதிர்ந்தது. பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். அப்பா அது சீதனம் என்றார். அம்மப்பா அது பரிசு என்றார். கடைசியில் அப்பா ஒரு படி இறங்கினார்: மணிக்கூடு சின்னதாக இருந்தால் பரிசு, பெரிதாக இருந்தால் சீதனம்.

அடுத்த நாள் இரண்டு சம்பந்திமாரும் குட்டி மாமாவும் என்னை நடுவில் விட்டுப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மப்பா எடுத்த மணிக்கூடு தகரப் போணியின் மூடி அளவு. கட்டினால் கையைத் தொங்கப்போட மணிக்கூடு உள்ளங்கைக்கு வந்தது. கடைக்காரர் தலையை ஆட்டி, "லொக்கு வெடி, மஹத்தயா" என்றார், பெரிசு கூடிப்போச்சு என்று. என் அப்பா தேடித்தேடி ஒன்று எடுத்தார். மஞ்சாடிக்கொட்டையிலும் கொஞ்சம் பெரிது. "இது பரிசு" என்றார் திருப்தியாக. கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அது பெண்கள் கட்டுவது.

பிறகு அவரே ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வார்க் காதுகள் இரண்டு பக்கமும் மணிக்கட்டுக்குள் அடங்கி நின்றன. அது சின்னது என்று அம்மப்பா முகம் சுளித்தார். பெரிது என்று அப்பா முகம் சுளித்தார். இரண்டு பேரும் சுளித்ததால் அதுதான் சரியான அளவு என்று குட்டி மாமா தீர்த்துவைத்தார்.

அதைக் கட்டிக்கொண்டுதான் தாலி கட்டினேன். ஆனால் வழக்கு முடியவில்லை. என் அப்பா சாகும்வரை அந்த மணிக்கூட்டில் நேரம் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருக்க, வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருவார். அம்மப்பா நேர் எதிர். எதிரே சுவரில் மணிக்கூடு ஓட, "தம்பி, நேரம் என்ன?" என்று என்னைத்தான் கேட்பார். சொன்னால், "நல்லா ஓடுது" என்பார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்பார்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. குட்டி மாமாவும் போய்விட்டார். மணிக்கூட்டுக் கடை இருந்த இடத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள். எல்லார் கையிலும் போன். நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பின்னேரம் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்து, இடது கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை. போன கிழமை ஒரு மனிதர் கிட்ட வந்தார். நான் கையைத் திருப்பி, மணி நாலே முக்கால் என்று சொல்லிவிட்டேன். அவர் வந்தது பஸ் கிருலப்பனைக்குப் போகுமா என்று கேட்க. ஆனாலும் பாவம், "நன்றி" என்றார்.