பின்னால் நின்று தள்ளியவர்

என் எதிர்வீட்டு மெக்கானிக் பழைய ராணுவ ஜீப்புகளை வாங்கிப் புதுப்பித்து விற்பவர். ஒல்லி உடம்பு, கையில் தீத்தழும்பு. ஒரு ஜீப்பைக் கடக்கும்போது மட்டும் அதன் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்துவார். அது அவர் முன்பு வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளியின் வண்டி; அந்நாளில் அதைத் தினமும் தள்ளிக் கிளப்பியவர் அவர், பின்னால் அது விலைக்கு வந்தபோது வாங்கிவிட்டார். "சோறு திங்கலையாலே? அழுத்தித் தள்ளுலே!" என்று முதலாளி கத்துவாராம்.

ஒருநாள் அந்த முதலாளியே வந்தார். "எம்புட்டு வேணும்னாலும் தாரேன், அந்த ஜீப்பத் திருப்பி எனக்கே குடுத்துரு."

"ஓட்டிப் பாருங்க மொதலாளி. ஆனா தள்ளித்தான் கிளப்பணும்."

மெக்கானிக் ஸ்டியரிங்கில் உட்கார, முதலாளி வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார். அவருக்கு நெஞ்சு அடைத்துவிடுமோ என்று பயந்து அடிகளை எண்ணினேன்.

"சாப்பிடலியா மொதலாளி? அழுத்தித் தள்ளுங்க!"

இருபத்தோராம் அடியில் முதலாளி மூச்சிரைக்க நின்றார். மெக்கானிக் சாவியைத் திருப்பினார். உடனே வண்டி உறுமியது.

"செல்ஃப் ஸ்டார்ட்டரப் போன வாரமே மாத்திட்டேன். வண்டி விக்கிறதுக்கில்ல."

அதன்பின் அவர் அந்த ஜீப்பின் பின்பக்கத்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை.