ஆணியில் தொங்கிய கண்ணாடி

கோயில் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தவர் அப்பா. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் சின்னச் சின்னக் கோயில்களுக்கு வரைபடம் போடுவது, கட்டுவது, கோபுரத்துச் சிலைகள் செய்வது எல்லாம் அவர்தான். எங்கள் ஒற்றை அறையின் தரையில் எப்போதும் சாக்பீஸால் வரைந்த ஒரு கோபுரம் இருக்கும். அதை மிதிக்காமல் அடுப்புக்குப் போக, நடக்கத் தொடங்கியபோதே பழகியிருந்தேன்.

எனக்கு ஏழு வயதான மழைக்காலத்தில், சாரம் வழுக்குகிறதென்று, கோபுரத்தில் பொருத்த வேண்டிய அம்மன் முகத்தை வீட்டிலேயே சிமெண்டில் செய்தார். என் உயரத்தில் பாதி இருக்கும். கண் மட்டும் வைக்கவில்லை. கண்ணை எப்போதும் கடைசியில்தான் திறப்பார், எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு. அம்மனின் முதல் பார்வை அவள்மேலேயே விழ வேண்டும், மனிதர்மேல் விழுந்தால் தாங்காது என்பார். இந்த விஷயத்தில் மட்டும் அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த ஒரு மாலை, கண்ணில்லாத முகத்தோடு தனியாக இருக்கப் பயந்து, கண்மையால் இரண்டு கண்களை வரைந்தேன். வரைந்த பிறகுதான் அது என்னைப் பார்ப்பது உறைத்தது. பாவாடையால் துடைத்தேன். ஈரச் சிமெண்டில் மை இன்னும் ஊறியது. அப்பா சவரம் செய்யும் கண்ணாடி உயரத்தில் ஆணியில் தொங்கியது, எட்டவில்லை. அப்பா வருகிற நேரம். பார்வை அவர்மேல் பட்டால் நாளைக்கே சாரத்திலிருந்து விழுந்துவிடுவார். அது என்னோடு தீரட்டும் என்று, முகத்தோடு முகம் ஒட்டுவதுபோல் எதிரே உட்கார்ந்து மறைத்துக்கொண்டேன்.

அம்மா வந்து, குடத்தை இறக்கி வைக்காமலேயே திட்டினாள். பின்னாலேயே அப்பா வந்துவிட்டார்.

"எந்திரிட்டி, அப்பா பாக்கட்டும்," என்றாள் அம்மா.

"வராதீங்கப்பா. அது ஒங்களயும் பாத்துரும்."

அம்மா அப்போதுதான் குடத்தை இறக்கி வைத்தாள். அப்பா நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார். என்னைத் தூக்காமல், என் தோளோடு ஒட்டி அம்மனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு கண்ணு பெருசாப் போச்சுட்டி," என்றார்.

எல்லாம் வீணாய்ப் போனதென்று அழுதேன். அவர் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும், திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்தபடியே இருந்தேன். அவர் ஒருநாளும் விழவில்லை.

போன மாதம், செம்பூரில், என் மகளுக்கு அம்மை போட்டது. தள்ளிப் படு, உனக்கும் வந்துவிடும் என்றார்கள். நான் அவளை அணைத்துக்கொண்டே படுத்திருந்தேன். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

அன்று அப்பா அந்த ஆணியைத் தாண்டித்தான் என்னிடம் வந்தார். கையை நீட்டியிருந்தால் போதும். அவர் கண்ணாடியை மறந்துவிட்டார் என்றே அப்போது நினைத்திருந்தேன்.