ஏழாம் வகுப்பைப் பருந்து பார்க்கக் கூட்டிச் சென்றவர்

யோகமலர் ரீச்சர் இறந்த செய்தி எங்கள் பாடசாலைக்குக் காலை இரண்டாம் பாடவேளையில் வந்தது. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ரீச்சரின் தம்பி சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஏழாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "அக்கா விடியப்புறம் மோசம் போட்டா, மாஸ்டர். அதிபரிட்டைச் சொல்லிவிடுங்கோ" என்றார். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

மரண அறிவித்தலில் 'சலரோகத்தால் காலமானார்' என்று போட்டிருக்கிறார்கள். அது பாதி உண்மைதான். இன்சுலின் கொழும்பில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனையிறவு இராணுவத் தடைக்கு இந்தப் பக்கம் அது வருவதென்றால் யாரோ ஒருவருடைய மேசையில் அனுமதி கிடைக்க வேண்டும். வந்து சேர்ந்தாலும் குளிரில் வைக்க மின்சாரம் இல்லை. ரீச்சருடைய வயது சாகிற வயது அல்ல. இதை எழுதி முடித்தால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் அவருடைய தாயின் ஊர். அவர் படிப்பித்தது கொழும்பில். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபின், கப்பலில் ஏறி, உடுத்த சேலையோடு காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அந்தக் கிழமையே ஊரார் அவருக்கு ஒரு கல்வீட்டைத் திறந்து கொடுத்தார்கள். அரிசி கொடுத்தார்கள், கிணறு காட்டினார்கள், எங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியராக இடமும் எடுத்துக் கொடுத்தார்கள். ஊரைப் பற்றி நல்லதாக எழுத எனக்குக் கிடைக்கும் சில விடயங்களில் அது ஒன்று.

தொண்ணூறாம் ஆண்டு மயிலிட்டிச் சனம் இராணுவத்தால் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு எங்கள் பக்கம் வந்தது. அவர்களுக்குக் கல்வீடு திறக்கப்படவில்லை. முதலில் பாடசாலை விறாந்தை, பிறகு பனங்காணிக்குள் ஓலைக் கொட்டில். அவர்கள் மீன்பிடிக்கிறவர்கள், நாங்கள் தோட்டக்காரர். காரணம் சாதி. வேறு சொல் போட்டு இதை மூட எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய பிள்ளைகள் கடைசி வாங்குகளில் இருத்தப்பட்டார்கள். தண்ணீர்ப் பானையடியில் அவர்களுக்கென்று தனியாக ஒரு தகரப் பேணி வந்தது. யார் வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ரீச்சர் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாள் அந்தத் தகரப் பேணியில் தண்ணீர் மொண்டு குடித்தார். மற்றைய பேணியைக் கழுவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதிபர் கேட்டபோது, "அது ஒழுகுது சேர், ஒட்டக் குடுத்திருக்கிறன்" என்றார். அந்தப் பேணி இன்றுவரை ஒட்டி முடியவில்லை. பாடசாலையில் ஒரே பேணிதான் இருந்தது. தாகம் எடுத்தவர்கள் அதிலேயே குடித்தார்கள்.

அந்த ஆண்டுதான் நான் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியனாக அங்கே சேர்ந்தேன். மழைக்காலம் முடிகிற நேரம் ஒருநாள் ரீச்சர் என்னிடம், "ஏழாம் வகுப்பை வல்லை வெளிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன் தம்பி, பிராந்து பாக்க. நீரும் வாரும்" என்றார். நாங்கள் பருந்தைப் பிராந்து என்போம். அது கோழிக்குஞ்சு தூக்குகிற ஒன்று, கல்லெறிந்து கலைக்கிற ஒன்று. அதைப் பார்க்கப் பயணம் போவதைப்பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. வல்லையோ மரம் மட்டை இல்லாத உவர்வெளி. இராணுவ ஹெலிகொப்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை.

"உங்களுக்கென்ன விசரோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "நேற்று ஹெலி போனது தெரியும்தானே. பொம்மரோ ஹெலியோ, எந்தப் பக்கத்தாலை வருது, எல்லாத்தையும் எங்கடை பிள்ளையள் சரியாச் சொல்லுதுகள். ஒண்டாவது நிமிந்து பாத்ததோ? எல்லாம் நிலத்தைப் பாத்துக்கொண்டு காதாலை சொல்லுதுகள். வானத்திலை சத்தம் போடாததும் பறக்குது எண்டு உதுகளுக்கு ஆர் காட்டுறது?"

மண்ணெண்ணெயில் ஓடிய ஒன்றிரண்டு பேருந்துகளை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல முடியாது. சைக்கிள்தான். இடம்பெயர்ந்த பிள்ளைகளிடம் சைக்கிள் இல்லை. ஆகவே யாருடைய சைக்கிளில் யார் ஏறுவது என்பதை ரீச்சரே தீர்மானித்து முதல்நாள் வகுப்பில் சொன்னார். தோட்டக்காரப் பிள்ளை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் மயிலிட்டிப் பிள்ளை ஒன்று.

சனிக்கிழமை காலை பாடசாலை வாசலில் ஒரு தகப்பன் வந்து நின்றார். வெங்காயத் தோட்டமும் கோயில் நிர்வாகத்தில் ஓர் இடமும் உள்ளவர். அவருடைய மகன் ரமணன். ரமணனுக்கு ஒதுக்கப்பட்டவன் சுதன்.

"ரீச்சர், எங்கடை சைக்கிளிலை உவங்களை ஏத்தேலாது" என்றார்.

"ஏன் ஐயா, பாரமோ?"

"விளங்காத மாதிரிக் கதைக்காதேங்கோ. நீங்களும் எங்கடை ஆள்தானே."

"நான் அகதி ஐயா. கப்பலிலை வந்தனான். அண்டைக்கு நீங்கள்தானே வண்டில் கொண்டுவந்து ஏத்தினீங்கள்."

"அது வேறை, இது வேறை."

"சரி. ஏத்தத்தானே ஏலாது எண்டு சொல்லுறியள். அப்ப சுதன் உழக்கட்டும், உங்கடை மகன் ராசா மாதிரிப் பின்னாலை இருந்து வரட்டும். அதிலை உங்களுக்குக் குறை ஒண்டுமில்லைத்தானே?"

பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ரமணன் தகப்பனைப் பார்க்காமல் சைக்கிளைச் சுதனிடம் நீட்டினான். "முன் பிறேக் பிடிக்காது. பாத்து ஓடு" என்றான். தகப்பன், "கல்விக் கந்தோரிலை பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வல்லையில் காற்று அடித்தது. தெருவோர வாய்க்காலில் முழங்கால் அளவு சேறு. ரீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து நின்றார். திடீரென்று கையை உயர்த்தி, "மேலை! மேலை!" என்று கத்தினார்.

அடுத்த கணம் தெருவில் பிள்ளைகள் யாரும் இல்லை. சைக்கிள்கள் விழுந்து கிடந்தன. வகுப்பு முழுவதும் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்திருந்தது. பங்கரில் பழக்கியபடி காதைப் பொத்தி, வாயைத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. நானும் அதற்குள்தான் கிடந்தேன். என் முதுகில் யாருடைய கால் இருந்தது என்று தெரியாது. யார் தோட்டம், யார் கடல் என்று பிரித்துப் படுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

எந்தச் சத்தமும் வரவில்லை. தலையைத் தூக்கினேன். நடுத்தெருவில் ரீச்சர் மட்டும் தனியாக நின்றார். உயர்த்திய கை இறங்கவில்லை. அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக வாய்க்கால் கரைக்கு வந்து குந்தினார். "எழும்புங்கோ பிள்ளையள். அது குண்டு போடாது. அது எங்கடை" என்றார்.

சேறு வழியும் முகங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மேலே, வெள்ளை வயிறும் அகன்ற சிறகுமாக ஒரு கடற்கழுகு. சிறகை அசைக்காமல் வட்டம் போட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே சரிந்து விழுந்து, கடல்நீரேரியில் காலை அடித்து, மினுங்கும் மீன் ஒன்றோடு எழும்பியது.

"ரீச்சர், உது மயிலிட்டிக்கும் போகுமோ?" என்று சுதன் கேட்டான்.

"போகுமடா. போய் உங்கடை வீட்டு முகட்டிலை பீச்சிப்போட்டு வரும்" என்றான் ரமணன்.

"முகடு இருந்தால்தானே" என்றான் சுதன். அவனே முதலில் சிரித்தான்.

பிறகு ஒரு செம்பருந்து தாழப் பறந்தது. கருடன் என்று ஒரு சிறுமி கன்னத்தில் போட்டுக் கும்பிட்டாள். "கும்பிடு பிள்ளை. கும்பிட்டுப்போட்டு அது என்ன தின்னுது எண்டும் பார்" என்றார் ரீச்சர். அது கரையில் செத்து ஒதுங்கிய மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிறுமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மச்சம் திண்டிட்டுது. இனி இண்டைக்குக் கோயிலுக்குப் போகேலாது" என்றாள். ரீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

அந்தத் தகப்பன் சொன்னபடியே கந்தோருக்குப் போயிருந்தார். அதிகாரி ஒருவர் வந்தார். கழுகைப்பற்றியோ ஹெலியைப்பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் சோடியைப்பற்றி மட்டுமே கேட்டார். "பயணம் போங்கோ ரீச்சர். ஆர் ஆரோடை போறது எண்டதைத் தாய்தகப்பன் பாத்துக்கொள்ளட்டும். பிரச்சினை முடிஞ்சுது" என்றார்.

"அப்ப சைக்கிள் வேண்டாம். நடந்து போறம்" என்றார் ரீச்சர்.

அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு வல்லைக்கு நடந்தே போனது. இரண்டு இரண்டு பேராகக் கைபிடித்து, ரீச்சர் சொன்ன சோடியில். நடப்பதற்கு எதிராகக் கந்தோரில் சட்டம் இருக்கவில்லை. சலரோகக்காரர் அவ்வளவு தூரம் உவர்மண்ணில் நடக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு அவருடைய காலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. அந்தக் காலுக்குச் சீலை சுற்றி, மேலே பொலித்தீன் பையைக் கட்டி, மற்றக் காலில் செருப்போடு நடந்தார். "பின்னாலை என்ரை சைக்கிளிலை ஏறுங்கோ ரீச்சர்" என்று மன்றாடினேன். "நான் ஏறினால் பிள்ளையளும் ஏறலாம் எண்டு சொல்லுவினம்" என்றார். இவ்வளவு பிடிவாதம் தேவையா என்று அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அவருக்கு இரண்டு கால்விரல்கள் எடுக்கப்பட்டன.

அவரைத் தியாகி என்று எழுத எனக்கு மனமில்லை. அவருக்கு அந்தச் சொல் பிடிக்காது. வாழ்வதற்கு ஆசைப்பட்டவர். பலாப்பழத்துக்காக டொக்டரிடம் பொய் சொன்னவர். இந்த ஊரில் பெரிய மேடைகளில் ஏறி எல்லோரும் ஒன்று என்று முழங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம் என்பதும் எனக்குத் தெரியும். ரீச்சர் மேடை ஏறியதில்லை. யார் யாருக்குப் பக்கத்தில் என்று சொல்வார், சொன்னதை மாற்றமாட்டார். அவ்வளவுதான்.

சென்ற மாதம் அவரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நன்றாக மெலிந்திருந்தார்.

"தையிலை எப்ப போறியள்?" என்று கேட்டார்.

"அதிபர் எங்களைச் சைக்கிளிலை போகட்டாம், ரீச்சர். சோடியைத் தாய்தகப்பன் தீர்மானிக்கட்டுமாம். அப்பிடியெண்டால் ஒருத்தரும் மறிக்கமாட்டினமாம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. எப்பிடிப் போனாலும் பிள்ளையள் பிராந்தைப் பாத்தால் காணும்தானே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நான் எழும்பப் போனேன். "பிராந்து பாக்க வல்லைக்குப் போகத் தேவையில்லை, தம்பி. கோழிக்கூட்டடியிலை நிண்டாலும் காணலாம்" என்றார்.

அதுவே அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

முந்தாநாள் அவருடைய உடல் சுடலைக்குப் போனது. எங்கள் வழக்கப்படி பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மட்டும் நிற்கவில்லை. ஒழுங்கை முடக்குவரை வந்தார்கள். யாரும் சொல்லாமலே இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ஒரு கிழவர் "நில்லுங்கோடி" என்று அதட்டினார். அவர்கள் அந்த இடத்தில் நின்று, பறைச் சத்தம் தேயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று அதிபரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் "பிரச்சினை வந்தால் நீர்தான் பொறுப்பு" என்றார். ஓம் என்றேன்.

ரீச்சர், தை பிறந்ததும் ஏழாம் வகுப்பு வல்லைக்கு நடந்து போகிறது. யார் யாருக்குப் பக்கத்தில் என்பதை நான் சொல்லுவேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.